ஆறு வினாடி பிங்கோ

'அலபாமா மாநிலம் எதிர் 2,23,405 டாலர் 86 சென்ட்.' அலபாமா உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் மாதம் தீர்ப்பளித்த ஒரு வழக்கின் பெயர் இது. எதிர்வாதியின் இடத்தில் ஆள் பெயரும் இல்லை, நிறுவனத்தின் பெயரும் இல்லை; பணமே எதிர்வாதி. சூதாட்டத்தில் பிடிபட்ட பொருளைப் பறிமுதல் செய்ய வேண்டுமானால் அந்தப் பொருளின் மேலேயே வழக்குப் போடுவது அமெரிக்கச் சட்ட மரபு. இந்த வழக்கில் பணத்தோடு சேர்ந்து கூண்டில் நின்றவை சுமார் 1,600 இயந்திரங்கள். மேக்கன் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஷார்ட்டர் என்ற சிற்றூரில் இருக்கும் விக்டரிலேண்ட் என்ற கேளிக்கைக் கூடத்திலிருந்து, 2013 பிப்ரவரியில் மாநில அதிகாரிகள் அவற்றை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வியைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். அந்த இயந்திரங்களில் ஆடியது பிங்கோவா, இல்லையா? பிங்கோ என்றால் அது அறப்பணிக்கு நிதி திரட்டும் சட்டபூர்வமான விளையாட்டு. பிங்கோ இல்லையென்றால் தடைசெய்யப்பட்ட சூதாட்டம். இந்த ஒற்றைச் சொல்லுக்காக ஆளுநர்களும் அரசுத் தலைமை வழக்கறிஞர்களும் கவுன்டிக் காவல் தலைவர்களான ஷெரிஃப்களும் நீதிபதிகளும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள்.

அறக்கொடைக்கான விளையாட்டைக் கட்டுப்படுத்தும் அரசு எதைக் கட்டுப்படுத்த வேண்டும்? விளையாட்டின் பெயரையா, வேகத்தையா, அதில் புரளும் பணம் போகும் வழியையா? அலபாமா பெயரைப் பிடித்துக்கொண்டது. மினசோட்டா பணத்தை எண்ணியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டுமே கடைசியில்தான் வந்து சேர்ந்த இடம் ஒன்று உண்டு என்பது தெரிகிறது.

மெதுவான ஒரு விளையாட்டு

நம் ஊர்க் கிளப்புகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் புத்தாண்டுக் கொண்டாட்டங்களிலும் தம்போலா ஆடியவர்களுக்கு பிங்கோவை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் எண்களைக் கூப்பிடுவார். நாம் சீட்டில் அடித்துக்கொண்டே வருவோம். வரிசை நிரம்பியதும் கத்த வேண்டும். தம்போலாச் சீட்டில் மூன்று வரிசை. அமெரிக்க பிங்கோச் சீட்டில் ஐந்துக்கு ஐந்து கட்டம். கூப்பிட்ட எண்ணைக் கவனிக்காமல் பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தால் பரிசு கைநழுவும். அப்படிக் கோட்டை விடுவதை அமெரிக்க பிங்கோக்காரர்கள் 'தூங்குவது' என்றே சொல்கிறார்கள்.

1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அமெரிக்கத் தேவாலயங்கள் இந்த விளையாட்டைக் கையில் எடுத்தன. காணிக்கைத் தட்டு காலியான நேரம். வாரத்தில் ஒரு மாலை, தேவாலயக் கூடத்தில் மடக்கு மேசை, காகிதச் சீட்டு, சில சென்ட் கட்டணம். படைவீரர் சங்கங்களும் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களும் பின்தொடர்ந்தன. சூதாட்டத்தை வெறுத்த மாநிலங்கள்கூட பிங்கோவுக்கு மட்டும் விதிவிலக்கு எழுதின.

அந்த விதிவிலக்குகளுக்குள் எண்கள் நிறைய இருந்தன. கலிஃபோர்னியாவில் 1980களில் ஓர் ஆட்டத்தின் பரிசு 250 டாலரைத் தாண்டக் கூடாது. ஆட்டத்தை நடத்துபவர்கள் சம்பளம் வாங்காத உறுப்பினர்களாக இருக்க வேண்டும். டெக்சாஸில் ஓர் அமைப்பு வாரத்துக்கு மூன்று நாள்தான் பிங்கோ நடத்தலாம். அதுவும் வரையறுத்த மணி நேரம்தான்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய கட்டுப்பாடு ஒன்று சட்டத்தில் எழுதப்படாமலே இருந்தது. விளையாட்டே மெதுவானது. பந்தை எடுக்க வேண்டும், எண்ணைக் கூப்பிட வேண்டும், நூறு பேர் சீட்டில் தேட வேண்டும், ஒருவர் எழுந்து கத்த வேண்டும், சீட்டைச் சரிபார்க்க வேண்டும். எவ்வளவு ஆசை பிடித்தவராக இருந்தாலும் ஒரு மாலைப் பொழுதில் தொலைக்கக்கூடிய பணத்துக்கு எல்லை இருந்தது. அந்த எல்லையைக் காத்தவர் மூச்சு வாங்கி எண் கூப்பிடும் ஒரு மனிதர்.

திரைக்குள் சுருங்கிய சீட்டு

மின்னணு இங்கே படிப்படியாக வந்தது. முதலில் வந்தது சீட்டுக் கணக்கு வைக்கும் சிறு கருவி. கூடத்தில் எண் கூப்பிடுபவர் அப்படியே இருப்பார். ஆடுபவர் கையிலுள்ள கருவி பல சீட்டுகளை நினைவில் வைத்துக்கொண்டு, கூப்பிட்ட எண்ணைத் தட்டினால் எல்லாச் சீட்டிலும் அடித்துத் தரும். கண் மங்கிய முதியவருக்கும் கை நடுங்குபவருக்கும் அது உதவி. பல மாநிலங்கள் எல்லை வகுத்து இதை அனுமதித்தன.

அடுத்து வந்தது வேறு வகை. விக்டரிலேண்ட் போன்ற கூடங்களில் வரிசை வரிசையாக நின்ற இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் கண்ணில் படுவது சுழலும் சக்கரங்களும் செர்ரிப் பழமும் மணி ஒலியும்தான். பார்வைக்கு அச்சு அசல் ஸ்லாட் இயந்திரம், அதாவது சூதாட்ட விடுதிகளில் தனியாக உட்கார்ந்து ஆடும் இயந்திரம். உற்றுப் பார்த்தால் திரையின் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு ஐந்துக்கு ஐந்து கட்டம் ஒன்று தெரியும். அதுதான் பிங்கோச் சீட்டு. பொத்தானை அழுத்தியதும் எங்கோ இருக்கும் கணினி எண்களைக் குலுக்கி எடுக்கிறது. அதே நொடியில் வேறு இயந்திரங்களில் அழுத்தியவர்களையும் ஒரே ஆட்டத்தில் இணைக்கிறது. சீட்டில் எண்கள் தாமாகவே நிரம்புகின்றன. எந்த வடிவம் நிரம்பியதோ அதற்கேற்ற பரிசு. சக்கரங்கள் சுழல்வது முடிவைத் தீர்மானிக்க அல்ல, காட்டுவதற்கு. 'உள்ளே நடப்பது பிங்கோ, வெளியே தெரிவது அலங்காரம்' என்பது தயாரிப்பாளர்களின் வாதம்.

இப்படி ஓர் ஆட்டம் முடியச் சில வினாடிகள் போதும். ஆறு வினாடி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்குப் பத்து, மணிக்கு 600 ஆட்டம். ஆட்டத்துக்கு 25 சென்ட் வைத்தாலே ஒரு மணி நேரத்தில் 150 டாலர் பந்தயத்தில் இறங்கிவிடுகிறது. அதில் ஒரு பகுதி பரிசாகத் திரும்பி வரும். வந்தது மறுபடி உள்ளே போகும். தேவாலயக் கூடத்தில் ஒரே ஓர் ஆட்டம் நடக்கும் நேரத்துக்குள் இங்கே ஐம்பது அறுபது ஆட்டம் முடிந்துவிடும். எண் கூப்பிடும் மனிதர் காத்த எல்லை இல்லாமல் போயிற்று. விதிவிலக்கை எழுதியவர்கள் எல்லை வைத்தது பரிசுக்கும் நாளுக்கும் நேரத்துக்கும். நிமிடத்துக்கு எத்தனை ஆட்டம் என்று எல்லை வைக்க வேண்டியிருக்கும் என அவர்கள் நினைத்திருக்க வழியில்லை.

பழங்குடி நிலத்தில் ஒரு பிங்கோ

இந்த இயந்திரம் பிறந்த வீடு அறக்கொடைக் கூடம் அல்ல, பழங்குடி நிலம். ஃபுளோரிடாவின் செமினோல் பழங்குடியினர் 1979இல் பெரும் பரிசு பிங்கோக் கூடம் ஒன்றைத் திறந்தார்கள். ஷெரிஃப் தடுக்கப் பார்த்தார். 1981இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் பழங்குடியினர் பக்கம் நின்றது. பிங்கோவை மாநிலம் முற்றாகத் தடை செய்யவில்லை, அனுமதித்து ஒழுங்குபடுத்தத்தான் செய்கிறது. ஒழுங்குமுறைச் சட்டம் பழங்குடி நிலத்துக்குள் செல்லாது என்பது அதன் தர்க்கம். 1987இல் கலிஃபோர்னியாவின் கபசோன் பழங்குடியினர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே தர்க்கத்தை ஏற்றுக்கொண்டது.

மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் அமெரிக்க இந்தியப் பழங்குடியினர் சூதாட்ட ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. அது ஆட்டங்களை மூன்று வகுப்பாகப் பிரித்து, பிங்கோவை இரண்டாம் வகுப்பில் வைத்தது. ஸ்லாட் இயந்திரம் மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு ஆட்டங்களுக்கு மாநிலத்தோடு ஒப்பந்தம் வேண்டும். இரண்டாம் வகுப்புக்கு வேண்டாம். பிங்கோவின் இலக்கணமாக அச்சட்டம் சொன்னவை மூன்றே: எண்ணுள்ள சீட்டு வேண்டும், எண் எடுக்கப்படும்போது சீட்டில் அடிக்க வேண்டும், முதலில் வடிவத்தை நிரப்புபவர் வெல்ல வேண்டும். அதோடு ஒரு சிறு தொடரையும் சேர்த்தது: மின்னணு, கணினி முதலிய தொழில்நுட்ப உதவிகளைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அது பிங்கோதான்.

அந்தத் தொடரின் மேல் ஒரு தொழிலே எழுந்தது. ஒப்பந்தம் இல்லாத பழங்குடியினருக்கு விற்பதற்காக, வெளியே ஸ்லாட், உள்ளே பிங்கோ என்ற இயந்திரங்களைப் பொறியாளர்கள் வடிவமைத்தார்கள். இயந்திரத்தை எதிர்த்து ஒருவர் ஆடினால் அது ஸ்லாட். பலர் ஒருவரோடு ஒருவர் போட்டியிட்டால் பிங்கோ. அதனால்தான் முகம் தெரியாத இன்னொருவரோடு நம்மைக் கணினி இணைக்கிறது. சட்டத்தின் ஒவ்வொரு சொல்லும் பொறியாளரின் மேசையில் ஒரு நிபந்தனையாக மாறியது.

அலபாமாவின் ஒற்றைச் சொல்

இனி அலபாமா. அம்மாநிலத்தின் 1901ஆம் ஆண்டு அரசமைப்பு, 65ஆம் பிரிவில் எல்லா வகை லாட்டரியையும் தடை செய்தது. 1999இல் மாநில லாட்டரி வேண்டுமா என்று மக்களிடம் கேட்டபோதும் வேண்டாம் என்றே பெரும்பான்மையினர் வாக்களித்தார்கள். அதே அரசமைப்புக்கு 900க்கும் மேற்பட்ட திருத்தங்கள் சேர்ந்தன. அவற்றில் பல ஒரே ஒரு கவுன்டிக்கானவை. அப்படி ஒரு டஜனுக்கும் மேற்பட்ட திருத்தங்கள், குறிப்பிட்ட கவுன்டிகளிலும் ஊர்களிலும் லாப நோக்கற்ற அமைப்புகள் அறப்பணிக்காக பிங்கோ நடத்த அனுமதித்தன.

கிரீன் கவுன்டிக்கு 743ஆம் திருத்தம். மேக்கன் கவுன்டிக்கு 744ஆம் திருத்தம். 2003இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்டவை. விதிகளை வகுத்து நடைமுறைப்படுத்தும் பொறுப்பை மேக்கன் திருத்தம் கவுன்டி ஷெரிஃபிடம் விட்டது. பிங்கோ என்றால் என்ன என்று அது விளக்கவில்லை. கிரீன் கவுன்டித் திருத்தம் விளக்கியது. அந்த விளக்கத்தில் சீட்டுக்கு மாற்றாக 'மின்னணுக் குறியிடும் இயந்திரம்' என்றும் சொன்னது.

இரு கவுன்டிகளும் 'பிளாக் பெல்ட்' எனப்படும் கரிசல் பட்டையைச் சேர்ந்தவை. பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் வறிய நிலம். கிரீன் கவுன்டியின் மக்கள்தொகை எட்டாயிரத்துக்கும் குறைவு. யூட்டாவில் கிரீன்ட்ராக், ஷார்ட்டரில் விக்டரிலேண்ட் என இரு கவுன்டிகளிலும் நாய்ப் பந்தயத் தளங்கள் இருந்தன. நாய்ப் பந்தயத்துக்கு மவுசு குறைந்து மைதானங்கள் வெறிச்சோடியபோது, அதே கூரையின் கீழ் பிங்கோ இயந்திரங்கள் வந்து இறங்கின. உரிமம் லாப நோக்கற்ற அமைப்பின் பெயரில்; கூடமும் இயந்திரமும் நிர்வாகமும் நிறுவனத்தின் கையில். வருமானத்தில் ஒரு பங்கு பள்ளிக்கும் தீயணைப்புக்கும் ஊராட்சிக்கும் வந்தது. வேறு தொழிற்சாலை இல்லாத ஊர்களில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலையும் கிடைத்தது.

2008 டிசம்பரில் ஆளுநர் பாப் ரைலி, சட்டவிரோதச் சூதாட்டத்தை ஒழிக்கச் சிறப்புப் படை ஒன்றை அமைத்தார். 2009 மார்ச்சில் அது லவுண்டஸ் கவுன்டியின் வைட் ஹால் ஊரில் இருந்த கூடத்துக்குள் புகுந்தது. கூடத்தின் உரிமம் பெற்றிருந்த கார்னர்ஸ்டோன் என்ற அறக்கொடை அமைப்பு நீதிமன்றம் போனது. கீழ் நீதிமன்றம் அந்த அமைப்புக்குச் சாதகமாக இடைக்காலத் தடை தந்தது. 2009 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, பிங்கோ என்ற சொல்லுக்கு ஆறு அடையாளங்களை வகுத்துக் கொடுத்தது.

ஐந்து வரிசை, ஐந்து நிரல் கொண்ட சீட்டு இருக்க வேண்டும். எண்கள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டு அறிவிக்கப்பட வேண்டும். ஆடுபவர் காது கொடுத்துக் கேட்டு, தன் கையாலேயே சீட்டில் குறிக்க வேண்டும். கவனம் தவறினால் வெற்றியை இழக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும். தன் சீட்டில் பிங்கோ விழுந்ததைத் தானே கண்டுகொண்டு, மற்றவர்களுக்கு முன்னால் அறிவிக்க வேண்டும். பலர் கூடி ஒருவரோடு ஒருவர் போட்டியிடும் ஆட்டமாக இருக்க வேண்டும்.

இந்த ஆறையும் வரிசையாகப் படித்தால் அவை தேவாலயக் கூடத்தின் வருணனையாகவே தெரியும். நீதிபதிகள் இயந்திரத்தின் உள்ளே என்ன கணக்கு ஓடுகிறது என்று பார்க்கவில்லை. ஆடுபவர் என்ன செய்கிறார் என்று பார்த்தார்கள். கேட்கிறாரா, தேடுகிறாரா, தூங்கிவிடக் கூடுமா? மத்தியச் சட்டத்துக்குப் பிங்கோ என்பது எண்களின் கணக்கு. அலபாமா நீதிமன்றத்துக்கு அது மனிதர்களின் செயல். ஒரே இயந்திரம் ஒரு சட்டத்தில் பிங்கோவாகவும் மற்றதில் ஸ்லாட்டாகவும் ஆனது இதனால்தான்.

கிரீன் கவுன்டியின் 'மின்னணுக் குறியிடும் இயந்திரம்' என்ற சொல்லும் காப்பாற்றவில்லை. அது காகிதச் சீட்டுக்கு மாற்றாகக் குறியிடும் கருவியை அனுமதிக்கிறதே தவிர, ஆட்டத்தின் மற்ற இலக்கணங்களைத் தள்ளுபடி செய்யவில்லை என்று 2014இல் நீதிமன்றம் விளக்கியது.

தீர்ப்பு வந்தும் தீராத வழக்கு

இலக்கணம் கிடைத்தபின் சண்டை ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. 2010 ஜனவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட மாநிலக் காவலர்கள் விடிவதற்கு முன்பே விக்டரிலேண்ட் வாசலுக்கு வந்து, உள்ளூர் நீதிபதியின் தடையுத்தரவால் திரும்பிப் போனார்கள். அதே ஆண்டு, பிங்கோவுக்கு ஆதரவான மசோதாவுக்கு வாக்களிக்க லஞ்சம் பேசியதாகக் கூட உரிமையாளர்கள், மாநில செனட்டர்கள் உட்பட 11 பேர் மீது மத்திய அரசு வழக்குப் போட்டது. சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். விசாரணையை எதிர்கொண்டவர்களில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. ஆளுநர் மாறியதும் சிறப்புப் படை கலைக்கப்பட்டு, பொறுப்பு அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் போனது. அடுத்து வந்ததுதான் 2013 சோதனை.

விக்டரிலேண்ட் வழக்கை விசாரித்த கீழ் நீதிமன்றம் மாநிலத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மேக்கன் வாக்காளர்கள் 2003இல் வாக்களித்தபோது மின்னணு பிங்கோவையும் மனத்தில் வைத்தே வாக்களித்தார்கள் என்பதும், மாநிலம் சில கூடங்களைத் துரத்திவிட்டு வேறு சிலவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டது என்பதும் அந்த நீதிபதியின் முடிவுகள். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதங்கள் அல்ல இவை. பெரும்பாலும் கறுப்பின மக்கள் தேர்ந்தெடுத்த ஷெரிஃப். அவர் வகுத்த விதி. அதை மதித்து நடந்த கூடம். தலைநகரிலிருந்து வந்தவர்கள் அதைச் செல்லாதென்று சொன்னபோது, தங்கள் வாக்கையே செல்லாதென்று சொல்கிறார்கள் என்றுதான் அந்த மக்கள் எடுத்துக்கொண்டார்கள். உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. திருத்தத்தில் எழுதியிருக்கும் சொல் 'பிங்கோ'; வாக்காளர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்ற ஊகத்தால் அதன் பொருளை மாற்ற முடியாது என்றது. இயந்திரங்களும் பணமும் மாநிலத்துக்குப் போயின.

மேக்கன் மக்களின் எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஷார்ட்டரிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் மான்ட்கமரியிலும் வெட்டம்ப்காவிலும் போர்ச் கிரீக் பழங்குடியினரின் கேளிக்கை விடுதிகள் இருக்கின்றன. அங்கேயும் மின்னணு பிங்கோதான். மத்தியச் சட்டத்தின் நிழலில் இருப்பதால் மாநிலம் அவற்றைத் தொட முடியாது. மாநிலம் தொடுத்த வழக்கு 2015இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. ஒருவர் காலையில் ஷார்ட்டரில் குற்றமாக ஆடியதை மாலையில் மான்ட்கமரியில் உரிமையாக ஆடலாம்.

மாநிலம் 2017இல் ஐந்து கவுன்டிகளில் புதிய வழக்குகள் போட்டது. 2022 செப்டம்பரில் மேக்கன், லவுண்டஸ் கவுன்டிக் கூடங்களைப் பொதுத் தொல்லை என்று அறிவித்த உச்ச நீதிமன்றம், 30 நாளுக்குள் தடையாணை பிறப்பிக்கும்படி கீழ் நீதிமன்றங்களுக்குக் கட்டளையிட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு கிரீன்ட்ராக் மீதான வரி வழக்கும் முடிந்திருந்தது. 2004 முதல் 2008 வரையிலான பிங்கோ வருமானத்துக்கு வரி விலக்கு கோரியது அந்நிறுவனம். கோரிக்கை தோற்றது. வட்டியோடு சேர்த்துக் கட்ட வேண்டிய தொகை 7 கோடியே 60 லட்சம் டாலர்.

அறக்கொடையின் பெயரில் நடந்த ஆட்டத்தின் அளவை அந்த ஒரு தொகையே சொல்லிவிடுகிறது. தேவாலயக் கூடத்துக்கென எழுதிய விதிவிலக்குக்குள் இத்தனை பெரிய வணிகம் குடியேறியிருந்தது. ஆறு அடையாளங்களைக் கொண்டு அதை வெளியேற்ற நீதிமன்றத்துக்கு ஏறத்தாழ பதிமூன்று ஆண்டுகள் ஆயின. பரிசு எவ்வளவு, அறப்பணிக்கு எத்தனை சதவீதம், கூடத்துக்கு வாடகை எவ்வளவு, கணக்கை யார் தணிக்கை செய்வது என்று மாநிலம் முழுமைக்கும் ஓர் ஒழுங்குமுறையை அத்தனை ஆண்டுகளில் யாரும் எழுதவில்லை. 2024இல் லாட்டரியையும் சூதாட்டத்தையும் முறைப்படுத்தும் மசோதா வந்தது. மேலவையில் ஒரே ஒரு வாக்குக் குறைவால் அதுவும் விழுந்தது.

மினசோட்டா எண்ணிய பணம்

வடக்கே மினசோட்டாவில் கதை வேறு. அங்கே அறக்கொடை விளையாட்டு என்றால் பிங்கோவைவிடக் கிழிசீட்டுத்தான் பிரபலம். மதுக்கடை மேசையில் வாங்கி, மேல் மடிப்பைக் கிழித்தால் உள்ளே பரிசுக் குறி இருக்கும். ஒரு கட்டில் எத்தனை சீட்டு, அதில் எத்தனைக்கு என்ன பரிசு என்பது முன்கூட்டியே அச்சாகியிருக்கும். அதனால் தணிக்கை எளிது.

சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் ஒன்று மாநிலம் முழுவதையும் பார்த்துக்கொள்கிறது. தயாரிப்பாளர், விநியோகிப்பவர், ஆட்டம் நடத்தும் அமைப்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமம். ஆட்டம் நடத்துவது ஹாக்கி சங்கமோ படைவீரர் மன்றமோதான். மதுக்கடை இடத்தை மட்டும் வாடகைக்குத் தருகிறது. வருமானத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. எந்தெந்தக் காரியத்துக்குச் செலவிடலாம் என்பதற்குச் சட்டத்திலேயே பட்டியல்.

2012இல் மின்னணுக் கிழிசீட்டையும், பல இடங்களை இணைத்து ஆடும் மின்னணு பிங்கோவையும் மாநிலம் அனுமதித்தது. காரணம் அறப்பணி மட்டுமல்ல. வைக்கிங்ஸ் கால்பந்து அணிக்குப் புதிய விளையாட்டரங்கம் கட்ட மாநிலத்தின் பங்கான சுமார் 35 கோடி டாலருக்கு வழி தேட வேண்டியிருந்தது. கையடக்கத் திரையில் ஆடும் இந்த ஆட்டங்களிலிருந்து வரும் வரியால் கடனை அடைக்கலாம் என்பது கணக்கு. முதல் ஆண்டு வருமானம் எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2013இல் சிகரெட் வரியையும் பெருநிறுவன வரியையும் கொண்டு ஓட்டையை அடைத்தார்கள்.

காற்று பிறகு திசை மாறியது. மதுக்கடைகளில் திரைகள் பரவின. வரி குவிந்தது. 2023இல் விளையாட்டரங்கக் கடனை மாநிலம் இருபது ஆண்டுகள் முன்னதாகவே அடைத்துவிட்டது. காகிதச் சீட்டுக் காலத்தில் சிறு வருமானம் பார்த்த ஹாக்கி சங்கம் திடீரென்று பெரிய தொகையைக் கையாள வேண்டியதாயிற்று. அதில் வரியாக அரசுக்குப் போகும் பங்கு உயர் அடுக்கில் 36 சதவீதம்வரை இருந்தது. 'அறப்பணிக்கு ஆடுகிறோமா, அரசுக்கு ஆடுகிறோமா' என்று சங்கங்கள் முணுமுணுத்தன. 2023இல் அந்த வீதம் சற்றுக் குறைக்கப்பட்டது.

எல்லாவற்றையும் எண்ணி வைத்த இந்த மாநிலத்தையும் கடைசியில் மடக்கியது அதே வேகம். 2012ஆம் ஆண்டுச் சட்டம், மின்னணுக் கிழிசீட்டில் சுழலும் சக்கரமோ ஸ்லாட் இயந்திரத்தின் சாயலோ இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. இயந்திரம் செய்தவர்கள் 'எல்லாவற்றையும் திற' என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். காகிதச் சீட்டில் ஒவ்வொரு மடிப்பாகக் கிழிக்க வேண்டும். இங்கே ஒரே தொடுதலில் எல்லா வரிசையும் திறந்துகொள்ளும். இது ஸ்லாட்டேதான் என்று, மாநிலத்தில் கேளிக்கை விடுதி நடத்தும் பழங்குடியினர் வழக்குப் போட்டார்கள். 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2023இல் சட்டமன்றமும் பொத்தானை நீக்கச் சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. இனி ஒவ்வொரு வரிசையையும் விரல் தொட்டுத்தான் திறக்க வேண்டும். அறக்கொடைகள் வருமானம் போயிற்றே என்று புலம்பின.

அலபாமாவின் மூன்றாவது அடையாளத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம்: ஆடுபவர் தன் கையாலேயே குறிக்க வேண்டும். எதிரெதிர்த் திசையில் நடந்த இரு மாநிலங்களும் ஒரு மனிதனின் விரலில் வந்து சந்தித்திருக்கின்றன. பார்வைக்குச் சின்ன விஷயம். ஆனால் ஆட்டத்தை மறுபடி மெதுவாக்க அரசுகளுக்குக் கிடைத்த கருவி அதுதான்.

தடையும் ஒழுங்கும்

2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டெக்சாஸ் வழக்கொன்றில் அளித்த தீர்ப்பு இந்தக் கதைக்கு இன்னொரு முடிச்சைப் போடுகிறது. எல் பாசோவிலுள்ள இஸ்லெட்டா பழங்குடியினர் மின்னணு பிங்கோக் கூடம் நடத்தினார்கள். மாநிலம் தடுத்தது. அறக்கொடை அமைப்புகளுக்கு இத்தனை நாள், இத்தனை நேரம், இவ்வளவு பரிசு என்று விதித்து பிங்கோவை அனுமதிக்கும் மாநிலம், அதைத் தடைசெய்ததாகச் சொல்ல முடியாது; ஒழுங்குபடுத்துவதாகத்தான் சொல்ல முடியும் என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் முடிவு செய்தது. பழங்குடியினர் வென்றார்கள்.

இதன் விளைவை மாநிலங்கள் இன்னும் முழுதாக உணர்ந்ததாகத் தெரியவில்லை. தேவாலயத்துக்கு என்று திறந்துவிட்ட சிறு கதவு தேவாலயத்துக்கு மட்டுமே பயன்படாது. எந்த ஆட்டத்தை யாருக்கு அனுமதித்தாலும், அதன் சொற்களைப் பிடித்துக்கொண்டு வேறொருவரும் வேறோர் இயந்திரமும் உள்ளே வரும். சட்டத்தில் தெளிவின்மையை விட்டுவைத்தால் அதற்கு முதலில் பொருள் எழுதுபவர் நீதிபதி அல்ல, இயந்திரம் செய்பவர். நீதிபதி வந்து சேர்வதற்குள் ஒரு கவுன்டியின் பள்ளியும் தீயணைப்பு நிலையமும் அந்த வருமானத்தை நம்பி நிற்கப் பழகிவிடுகின்றன. பிறகு எந்தத் தீர்ப்பு வந்தாலும் அடி விழுவது ஏழை ஊருக்குத்தான்.

மின்னணுவையே ஒதுக்கிவிடலாம் என்பது தீர்வாகாது. கை நடுங்கும் முதியவருக்குக் கருவி உண்மையிலேயே உதவுகிறது. மின்னணுக் கணக்கு காகிதக் கணக்கைவிடத் தணிக்கைக்கு வசதி. அப்படியானால் சட்டம் எழுதுபவர்கள் பெயரை விட்டுவிட்டு எண்களைப் பிடிக்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்குக் குறைந்தது இத்தனை வினாடி. ஒரு கூடத்தில் இத்தனை இயந்திரம். நூறு டாலர் மிஞ்சினால் அறப்பணிக்குக் குறைந்தது இவ்வளவு. கூடத்துக்கும் இயந்திரக்காரருக்கும் அதிகபட்சம் இவ்வளவு. இந்தக் கணக்கு ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்வைக்கு. முதல் எண்ணை எழுதினாலே பிங்கோவா ஸ்லாட்டா என்ற வழக்குகளில் பாதி தேவைப்படாமல் போகும். மூன்றாவதையும் நான்காவதையும் எழுதினால் அறக்கொடையின் பெயரை வாடகைக்கு எடுக்கும் தொழில் லாபகரமாக இருக்காது.

இந்த ஐந்தும் அலபாமாத் திருத்தங்களில் எழுதப்பட்டிருந்தால் விக்டரிலேண்டுக்கு 1,600 இயந்திரங்கள் வந்தே இருக்காது. 2,23,405 டாலர் 86 சென்ட் கூண்டில் ஏறி நின்றிருக்கவும் வேண்டியிருக்காது.